வீட்டைப் பூட்டிவைப்பது பற்றி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் எங்கள் பழைய முகவரிக்குப் போய், அங்கே இப்போது குடியிருப்பவர்கள் அதைத் தனி உறையிலிட்டு அனுப்பிவைத்ததால், சற்றுச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. உங்கள் துணைவியாரின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி எங்கள் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. அந்தப் பத்தியை மட்டும் அம்மா மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார். மகன் தன்னோடு வந்துவிடுங்கள் என்று வற்புறுத்துவதையும், அப்படிப் போவதானால் இத்தனை காலம் வாழ்ந்த வீட்டை என்ன செய்வது என்று உங்களுக்குப் பிடிபடாமல் இருப்பதையும் எழுதிவிட்டு, "தற்போதைக்குப் பூட்டிவைத்துவிட்டுப் போகலாமா என்று பார்க்கிறேன், இந்த ஆண்டு இதையெல்லாம் செய்து பார்த்தவர் நீங்கள்தான், உங்கள் எண்ணம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் எண்ணத்தை நேராகவே சொல்லிவிடலாம். ஆனால் இந்த ஆண்டு நாங்கள் போய்வந்த இடங்களைச் சொல்லாமல் அதைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு விளங்காது.

வீடு மாறுவதென்று ஜனவரி இறுதியில் முடிவானது. உடனே என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இத்தனை ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட இடங்கள் எல்லாம் ஜூன் மாதத்துக்குப் பிறகு நமக்குத் தொலைதூர இடங்களாகிவிடும், ஆகவே கிளம்புவதற்குள் அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்றாள். சாமான்களைக் கட்ட வேண்டிய நேரத்தில் ஊர் சுற்றுவதா என்று நான் முணுமுணுத்தேன். அம்மாவும் பிள்ளைகளும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டதால் என் பேச்சு எடுபடவில்லை. இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது நாங்கள் எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளவில்லை. போய்வந்த பிறகுதான் மூத்தவள், "நாம் பார்த்ததெல்லாம் யாரோ விட்டுவிட்டுப் போன ஊராகவே இருக்கிறதே" என்றாள்.

முதலில் போனது கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சையில் தன் அப்பா ராசராசன் கட்டிய பெரிய கோயிலும் அரண்மனையும் இருக்க, முதலாம் ராசேந்திரன் தலைநகரையே பெயர்த்துக்கொண்டு போய் ஒரு புதிய இடத்தில் நிறுவினான் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது ஒரு வரிச் செய்தியாகத்தான் இருந்தது. நாமே வீடு மாறப்போகும்போது படித்தால் அந்த வரியின் கனம் வேறாக இருக்கிறது. எத்தனை குடும்பங்கள், எத்தனை தச்சர்கள், எத்தனை ஓலைச்சுவடிக் கட்டுகள் அவன் பின்னால் வண்டியேறியிருக்கும்! புது ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்று அவன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. அந்த ஏரியைத்தான் இப்போது பொன்னேரி என்கிறார்கள். சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள், அதுவே தலைநகராக இருந்தது.

கோயில் நிற்கிறது, நகரம் இல்லை. கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் மாளிகைமேடு என்ற இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்து எடுத்த செங்கல் அடித்தளங்கள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. சின்னவன் கோயில் வளாகத்துச் சிங்கமுகக் கிணற்றை விட்டு நகர மறுத்ததால், அவனை இழுத்துக்கொண்டு நாங்கள் மாளிகைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே நின்றுகொண்டு, கோயிலின் சுற்றுமதில் என்னவாயிற்று என்று மூத்தவள் கேட்டாள். 1836ஆம் ஆண்டு கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, அந்தக் கல்மதிலைப் பெயர்த்தெடுத்துக் கற்களை அணைக்குக் கொண்டுபோனார்கள் என்றேன். அதற்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஊராரிடம் சொன்னதாகவும் பழைய குறிப்பு உண்டு. அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கும் ஒருகாலத்தில் அந்தக் கோபம் இருந்தது. இப்போது அது பாதியாகிவிட்டது. மதில் போனது போனதுதான், ஆனால் அந்தக் கற்கள் இன்றும் ஏதோ ஒரு வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. மகள் இதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டுமென்று நானும் வற்புறுத்தவில்லை.

கொடைக்கானலுக்கும் போனோம். போன நாளெல்லாம் மழை, அறையை விட்டு வெளியே வரவில்லை. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான் பூக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தவிர அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இராமேசுவரம் அம்மாவின் விருப்பம். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் வழியாக ரயிலில் போனோம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் பாலம் அது. பக்கத்திலேயே 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் வெறுமையாக நின்றது. மறுநாள் தனுஷ்கோடிக்குப் போனபோது, காரிலிருந்து இறங்கிய அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் புயல் அடித்தபோது அம்மா பள்ளிச் சிறுமி. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் போன செய்தியைப் பக்கத்து வீட்டு வானொலியில் கேட்டவர். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போகும் 'போட் மெயில்' பயணத்தைப் பற்றித் தம் மாமா சொன்னதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. அந்த ரயில் நிலையத்தின் சுவர்த்துண்டுகளும் தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களும்தான் இப்போது மிச்சம். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும், சில மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்கின்றன. சங்குமாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அம்மா, பயமாக இல்லையா என்று கேட்டார். "கடல் இங்கதானம்மா இருக்கு" என்று அந்தப் பெண் சொன்ன பதிலை அம்மா வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசிக்க ஒரு மணி நேரமும் கிடைக்காத ஊர் அது. அதோடு ஒப்பிட்டால், எங்கள் வீட்டில் பழைய இரும்புப் பெட்டியை எடுப்பதா விடுவதா என்று வாரக்கணக்கில் நடந்துகொண்டிருந்த விவாதம் எனக்கே சிறியதாகத் தெரிந்தது. ஆனாலும் விவாதம் நின்றுவிடவில்லை.

என்னை உண்மையில் அசைத்தது செட்டிநாடுதான். கானாடுகாத்தானில், தெரிந்தவர் ஒருவரின் மூலமாக, பார்வையாளர்களுக்குத் திறக்காத ஒரு வீட்டுக்குள் போக வாய்த்தது. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பைத் தாண்டி வளவு என்னும் நடுமுற்றத்துக்குள் நுழைந்தால், பர்மாவிலிருந்து வந்த தேக்கில் கடைந்த தூண்கள் வானத்தைச் சுற்றி நிற்கின்றன. வளவைச் சுற்றிலும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியது. ஒவ்வொரு கதவிலும் வேறு வேறு பூட்டு. சிலவற்றில் துரு ஏறி, சாவித்துளையே தெரியவில்லை. காவல்காரப் பெரியவர் தம்மிடம் இருந்த சாவிக்கொத்தைக் காட்டி, இவற்றில் பாதிக்கு எந்தக் கதவென்று தமக்கும் தெரியாது என்றார். அந்தப் பங்காளிகளில் சிலர் சென்னையில், சிலர் வெளிநாட்டில். ஏதாவது விசேஷம் என்றால் கூடுவார்கள், இரண்டு நாள் விளக்கெரியும், மறுபடியும் பூட்டு.

அவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டவைத்த செல்வம் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழிலில் ஈட்டியது. 1942இல் ஜப்பானியப் படை இரங்கூனைப் பிடித்தபோது பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். பர்மா 1948இல் விடுதலை பெற்ற பிறகு அங்கிருந்த நிலங்களும் அரசுடைமையாகிப் போயின. அங்கே இருந்ததை இழந்தவர்கள், இங்கே இருந்ததை விற்கவும் மனமில்லாமல், தங்கி வாழவும் வழியில்லாமல் பூட்டிவைத்தார்கள். பூட்டிய வீடு சும்மா இருப்பதில்லை. "ஒரு ஓடு நழுவினா போதும் சார், பாக்க ஆளில்லன்னா ரெண்டு மழையில உத்தரம் ஊறிடும். உத்தரம் போனா சுவரு தாங்காது" என்று பெரியவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். வளவின் ஒரு மூலையில் ஒழுகலுக்கு வைத்த அண்டாவில் தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது. இப்படி இற்றுப்போன வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும்தாம் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக நிற்கின்றன.

அன்று மாலை ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போனோம். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்கி, அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, கடைசியாகக் காரை இட்டு மட்டமாக்கும் வேலையை ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டே செய்தார். பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் காயவிட்டால் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கிறது, அது பட்டிருந்த முகம் வழவழப்பாக இருக்கிறது. இந்தத் தரைக்கு மெருகு போட வேண்டாம், மனிதர்கள் நடக்க நடக்கத்தான் பளபளப்புக் கூடும் என்றார். காலையில் பூட்டிய வீட்டில் பார்த்த தரை ஏன் அப்படி மங்கிக் கிடந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டைப் பற்றிய முடிவு எளிதாகிவிட்டது. நானும் உங்களைப் போலவே, முதலில் பூட்டிவைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். செட்டிநாட்டிலிருந்து திரும்பிய வாரமே வாடகைக்கு ஆள் தேடச் சொன்னேன். பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் சிறு குழந்தையுமாக வந்தார்கள். அம்மா அவர்களிடம் கிணற்றடி முருங்கையை வெட்டக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

இடமாற்றம் என்னவோ எல்லோருக்கும் நடப்பதுபோலத்தான் நடந்தது. சாமான் கட்ட வந்தவர்களில் ஓர் இளைஞர் கட்டிலைக் கழற்றி, அதன் திருகாணிகளை எல்லாம் ஒரு சிறு பையில் போட்டு, அந்தப் பையை அதே கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் ஒட்டிவைத்தார். அதனால் முதல் இரவே எல்லோரும் கட்டிலில் படுத்தோம். எரிவாயு இணைப்பை ஒப்படைத்துவிட்டுச் சான்று வாங்குவது, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் முகவரி மாற்றுவது, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் என்று ஒன்றை முடித்தால் ஒன்று வால்பிடித்து வந்தது. பிள்ளைகள் ஒரு மாதத்தில் புதிய ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் நாளாயிற்று. இரவில் எழுந்தால் அவர் கை பழைய வீட்டில் சுவிட்சு இருந்த உயரத்துக்கே போய், வெறும் சுவரைத் தடவும். மின்பணியாளரை அழைத்து அந்த உயரத்திலேயே ஒரு சுவிட்சு வைத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டு உரிமையாளர் சற்று முகம் சுளித்தார், பரவாயில்லை.

ஆகவே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதை நீங்களும் மகனும் பேசித் தீர்மானியுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன். பூட்டிவைக்க மட்டும் வேண்டாம். ஓடாத ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இறுகிப்போகும், கரையான் நிலைக்கட்டைக்கு ஏறும், நீங்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் துணைவியார் ஊரைப் பார்க்காமல் ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடகைக்கு விடுவதானால், வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாமல் எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். விற்பதானால், பட்டா இன்னும் உங்கள் அப்பா பெயரிலேயே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது ஒரு நாளில் மாறுகிற வேலை இல்லை. ஊரை விட்டுப் போன பிறகு அதற்காக வந்து அலைவது இரட்டிப்பு வேலை.

மகன் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எங்கள் புதிய ஊர். பொங்கல் கழித்து நீங்கள் புறப்படுவதானால், இங்கே இறங்கி நான்கு நாள் தங்கிப் போக வேண்டும் என்று அம்மா எழுதச் சொல்கிறார். துணைவியாருக்கு வெயில் ஆகாது என்றால் அதற்குமுன்பே வாருங்கள். புதிய முகவரியை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். பட்டா விவரத்தைப் பார்த்து அடுத்த கடிதத்திலேயே எழுதுங்கள், இங்கே எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்