தெரியாமலே கேப்டனானவர்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தைத் தவறவிடாதே. இந்தக் கடிதத்தையும் நீயே படிக்க வேண்டாம், தங்கையைப் படித்துக் காட்டச் சொல்.

இங்கே அனைவரும் நலம். பேரன் பள்ளி அணியில் விக்கெட் கீப்பராகிவிட்டான். அன்றிலிருந்து உன் நினைவுதான். கூடவே அந்தக் கால இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மாண்டி பவுடனின் நினைவும் வந்து ஒட்டிக்கொண்டது.

லண்டன் ஸ்டாக்வெல்லில் 1865-இல் பிறந்தவர். சர்ரே என்ற இங்கிலாந்து மாவட்ட அணிக்கு ஆறே பருவங்கள் ஆடினார். நல்ல மட்டையாளர், கீப்பராகவும் நிற்பார். 1888-இல் ஓவல் மைதானத்தில் சசெக்ஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 189 எடுத்தார். அந்தக் குளிர்காலத்தில், முதன்முதலாகத் தென்னாப்பிரிக்கா சென்ற இங்கிலாந்து அணியோடு கப்பலேறினார். உள்ளூர் அணிகளில் பதினைந்து பேர், சில இடங்களில் இருபத்திரண்டு பேர்கூட எதிரே இறங்குவார்களாம். பதினொருவருக்குப் பதினொருவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள்.

இரண்டாவது ஆட்டம் 1889 மார்ச் 25-இல் கேப்டவுனில் தொடங்கியது. கேப்டன் ஆப்ரி ஸ்மித்துக்கு உடல்நலமில்லை. பவுடன் தலைமை ஏற்றார், வயது 23. பாபி ஏபல் 120 ரன் குவிக்க, இங்கிலாந்து 292 எடுத்தது. தென்னாப்பிரிக்கா 47, பிறகு 43. ஜானி பிரிக்ஸ் 28 ரன் கொடுத்து 15 விக்கெட் வீழ்த்தினார். அதில் 14 பேருக்கு ஸ்டம்பே பறந்தது! இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

இங்கிலாந்தின் மிக இளைய டெஸ்ட் கேப்டன் என்று அவர் பெயர் இன்றும் நிற்கிறது. ஆனால் அவை டெஸ்ட் ஆட்டங்கள் என்று முடிவானது பிற்பாடுதான். தான் டெஸ்ட் ஆடினார் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது, சங்கரா. நான்கு நாளாக இதுதான் என்னை வாட்டுகிறது. அவரிடம் கேட்டிருந்தால், தன் பெரிய நாள் ஓவலில் 189 அடித்த நாள் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அவர் ஊர் திரும்பவில்லை. ஸ்மித்தோடு சேர்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் பங்குத் தரகு செய்தார், அது நிலைக்கவில்லை. பிறகு, ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தை விரித்த செசில் ரோட்ஸின் படையோடு வடக்கே போனார். 1892 பிப்ரவரியில், இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள உம்தாலியில், மண்குடிசை போன்றதொரு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 26. சிங்கங்கள் இழுத்துப் போகாமல் உடலுக்குக் காவல் இருந்தார்களாம். விஸ்கிப் பெட்டிப் பலகைகளை அடித்துத்தான் சவப்பெட்டி செய்தார்கள். கூடவே ஆடிய ஸ்மித்தோ பின்னாளில் ஹாலிவுட் நடிகராகி 85 வயதுவரை வாழ்ந்தார்.

அப்பா காலமான வருடம் நீ மட்டையைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். உனக்கும் வயது 23. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில், லெக் பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையில் நீ பிடித்த கேட்ச் எந்த ஏட்டிலும் இல்லை. நான் ஸ்லிப்பில் நின்று பார்த்தேன். பேரனுக்கு அதை நடித்தே காட்டினேன்.

உன் பழைய கையுறைகள் பரணில் இன்னும் இருக்கின்றனவா? அவன் பார்க்க வேண்டுமாம். கண் தேறியதும் சொல், அவனை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
வாசு