மேரியைச் சுருக்காதீர்கள்: ஒரு நாடகக் குழுவுக்குத் திறந்த மடல்

நண்பர்களே,

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை மேடையேற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷமாக இருந்தது. அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்கி, போதை விழிப்புணர்வு நாடகமாக்குகிறீர்கள் என்றார்கள். சந்தோஷம் அத்தோடு போயிற்று.

"சொன்னதையே சொல்கிறார்கள்" என்பது உங்கள் காரணமாம். ஆமாம், சொல்கிறார்கள்தான். குடி புகுந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அங்கே பேச்சு அப்படித்தான் ஓடும். காலையில் ஒரு பழி, மதியம் சமாதானம், ராத்திரி மறுபடி அதே பழி. நாடகமும் 1912 ஆகஸ்டில் ஒரே நாள், காலை எட்டரையிலிருந்து நள்ளிரவு வரை. சிகிச்சை முடிந்து திரும்பிய அம்மா மேரி, போதையாகிப்போன வலி மருந்தான மார்ஃபினை மறுபடி தொட்டுவிட்டாளா என்று கணவனும் இரண்டு மகன்களும் அவள் கண்ணையும் கையையுமே பார்க்கிறார்கள். கடைசியில், மாடியில் அவள் நடக்கும் காலடிச் சத்தத்தைக் கீழே உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தக் காத்திருப்பை எப்படிச் சுருக்குவீர்கள்?

காவல் காக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அப்பா பாட்டிலில் விஸ்கியின் மட்டத்தைக் கண்ணாலேயே அளக்கிறார். மூத்தவன் குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி வைக்கிறான். (அரங்கில் சிலர் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.) இதில் யாரை வில்லனாக்குவீர்கள்? மேரியின் பழக்கமே பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்கு ஒரு மருத்துவர் கொடுத்த மருந்தில் தொடங்கியது.

இது ஓ'நீலின் சொந்த வீடு. குழந்தையிலேயே இறந்த அண்ணன் எட்மண்டின் பெயரை, தன்னையே வைத்து எழுதிய இளைய மகன் பாத்திரத்துக்கு வைத்தார். நாடகத்தில் செத்துப்போன குழந்தைக்கு யூஜின் என்று தன் பெயரைக் கொடுத்தார். 1941-இல் எழுதி முடித்தவர், தான் இறந்து 25 ஆண்டுகள் கழித்துத்தான் அச்சாக வேண்டும் என்றார். 1953-இல் இறந்தார்; 1956-லேயே மனைவி கார்லோட்டாவின் சம்மதத்தோடு புத்தகமும் வந்தது, ஸ்டாக்ஹோமில் மேடையும் ஏறியது. அவர் சொல் ஒருமுறை மீறப்பட்டதால்தான் இந்த நாடகம் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தது என்பது வேறு விஷயம்.

எதைக் குறைத்தாலும் முடிவில் கை வைக்காதீர்கள். மேரி தன் கல்யாண உடையைத் தரையில் இழுத்தபடி வருகிறாள். ஆண்கள் மூவரும் கையிலெடுத்த கோப்பைகளைக் குடிக்காமல் மெல்ல மேசையில் இறக்கி வைத்துவிட்டு, அவற்றை மறந்துபோகிறார்கள். அந்த இடத்தில் தயவுசெய்து பின்னணி இசை போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன்