ஹோவிக்கிலிருந்து அப்பாவுக்கு

ஹோவிக், தென்னாப்பிரிக்கா,
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்களுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன வருஷம் "ப்ளூபெரிக் குச்சி எல்லாம் பிடித்துவிட்டது" என்று எழுதினேனே, அது தப்பு. 60 குச்சியில் 11தான் தேறியது. நீங்கள் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்ததாகத் தம்பி சொன்னான். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

மல்பெரித் தோட்டத்தில் நீங்கள் வெட்டிப் போடும் குச்சிகளைக் கட்டுக் கட்டி வளர்ந்தவள்தானே நான். அந்தத் தைரியத்தில்தான் நர்சரியில் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். ஆனால் இங்கே பட்டமே தலைகீழ். ஆனியும் ஆடியும் நடுக்குளிர்காலம். மழை கோடையில்தான் பெய்யும். இப்போது காலையில் புல்மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி கிடக்கிறது. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன் இங்கிருந்து பக்கம்தான். 1893 ஜூன் 7 ராத்திரி அது. ஆப்பிரிக்காவில் ஜூன் மாதம் அப்படி என்ன குளிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது.

அந்தக் குளிரில் ப்ளூபெரிச் செடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். குச்சி வெட்ட அதுதான் நேரம். போன வருஷம் விட்ட கிளையாக, பென்சில் கனத்தில் இருக்க வேண்டும். நுனியை எடுக்கக் கூடாது. நுனிப்பக்கம் மொட்டெல்லாம் கொத்தமல்லி விதைபோல் உருண்டு திரண்டிருக்கும்; அது பூமொட்டு. அதற்குக் கீழே மெலிந்து, கூராக, தண்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது இலைமொட்டு. இலைமொட்டு உள்ள பகுதியை மட்டும் நாலைந்து அங்குலத்துக்கு வெட்டி, முக்கால்வாசி புதைய ஊன்றுவோம். மண்ணில் இல்லை, பைன் மரப்பட்டைத் தூளும் மணலும் கலந்த கலவையில். இந்தச் செடிக்குப் புளிப்பான மண்தான் வேண்டும், புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.5 முதல் 5.5 வரை. அம்மாவிடம் சொல்லுங்கள், அடுப்புச் சாம்பல் இதற்கு ஆகவே ஆகாது.

சரி, எங்கே தவறினேன்? செப்டம்பரில் எல்லாக் குச்சியிலும் துளிர் வந்தது. சிவப்பும் பச்சையுமாக, தொட்டால் கசங்கிவிடுகிற மாதிரி இலை. பார்த்த சந்தோஷத்தில் உங்களுக்கு எழுதினேன், மறுநாளே குச்சிகளை நாற்றுப் பைகளுக்கு மாற்றினேன். அக்டோபர் வெயிலில் ஒரே வாரத்தில் இலை சுருண்டு கருகியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு வேர்கூட இல்லை, வெட்டின அன்றைக்கு இருந்ததுபோலவே மொட்டையாக இருந்தது. அன்றைக்கு அழுதேவிட்டேன் அப்பா. குச்சி தனக்குள் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டே முதல் துளிரை விட்டுவிடுமாம். அந்த இலை முற்றி, இரண்டாம் துளிர் கிளம்பும் சமயத்தில்தான் வேர் ஓடத் தொடங்கும். அதுவரை கலவை காயக் கூடாது, குச்சியை அசைக்கக் கூடாது. எனக்கு இதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

அப்புறம், பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். முதல் கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது 1860-ல். ஆயாவுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் வரும். ஆனால் ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் விடமாட்டார்கள். அவர்கள் கொல்லையில் பெரிய மல்பெரி மரம் ஒன்று இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த இலையைப் பறித்துப்போய், ஷூ பெட்டியில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள்! விற்க இல்லை, ஆசைக்குத்தான். உங்கள் பேத்தியும் ஒரு பெட்டி வைத்திருந்தாள். தாத்தா தர்மபுரி மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாகக் கூடு கொண்டுபோவார் என்று வகுப்பில் சொன்னதற்கு யாரும் நம்பவில்லையாம். ஒரு போட்டோ அனுப்புங்கள்.

இந்த வருஷம் 80 குச்சி ஊன்றியிருக்கிறேன். டிசம்பர்வரை தொடமாட்டேன். ஆயாவின் மரத்திலும் நாலு குச்சி கேட்டிருக்கிறேன், அடுத்த ஞாயிறு வெட்டப் போகிறேன். நீங்கள் மூன்று கணு விட்டு வெட்டுவது ஞாபகம் இருக்கிறது. கத்தியை எந்தப் பக்கம் சாய்ப்பீர்கள் என்பதுதான் மறந்துவிட்டது. அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்