தக்கைக் கைப்பிடிக்கு நீங்கள் விற்ற பூச்சு குறித்துப் புகார்

அனுப்புநர்:
தூண்டில் கோல் செய்பவர்,
கடைசல் பட்டறை, காவேரிப்பட்டினம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 16.06.2025

பொருள்: தக்கைக் கைப்பிடி சீலர் லேபிளில் சொன்னபடி இல்லாதது, அதனால் ஏற்பட்ட இழப்பு – நிவாரணம் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த பிப்ரவரி மாதம் உங்களிடம் தூண்டில் கோலின் தக்கைக் கைப்பிடிக்கான சீலர் (குழிகளை அடைக்கும் பூச்சு) 250 மில்லி பாட்டில் நான்கு வாங்கினேன். பாட்டில் 680 ரூபாய், கூரியர் 120 ரூபாய், மொத்தம் 2,840 ரூபாய். ரசீது நகல் இணைத்திருக்கிறேன். பாட்டில் மேல் மூன்று வாக்கியங்கள் அச்சடித்திருக்கிறீர்கள்: தக்கைக்குள் ஊறி இறங்கும், படலம் கட்டாது, ஈரத்திலும் வழுக்காது. இந்த மூன்றை நம்பித்தான் வாங்கினேன். மூன்றும் நடக்கவில்லை. இரண்டு முறை தொலைபேசியிலும் ஒரு முறை மின்னஞ்சலிலும் சொல்லிவிட்டேன். "நீங்கள் அதிகமாகப் பூசியிருக்கிறீர்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் எப்படிப் பூசினேன் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

எங்களுடையது அப்பா காலத்துக் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை என்று லேத்திலேயே வளர்ந்தவன் நான். எட்டு வருடமாகத் தூண்டில் கோல் செய்கிறேன். கே.ஆர்.பி. அணைக்கும் பாரூர் ஏரிக்கும் மீன் பிடிக்கப் போகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். வருடத்துக்கு நாற்பது கோலுக்கு மேல் செய்ய மாட்டேன், செய்யவும் முடியாது. ஒவ்வொருவரும் பட்டறைக்கு வந்து கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். உள்ளங்கை அகலம், விரல் நீளம் பார்த்து அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி பிடியைக் கடைவேன். கடையில் தொங்கும் கோலை விட்டுவிட்டு என்னிடம் வருவதற்கு அதுதான் காரணம்.

தக்கை நம் பக்கத்தில் விளையும் பொருள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உலகத்தில் கிடைக்கும் தக்கையில் பாதி அளவு போர்ச்சுகலில் இருந்து வருகிறது. ஓக் மரத்தில் ஒரு வகை, அதன் பட்டைதான் தக்கை. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயது ஆன பிறகுதான் முதல் முறை பட்டை உரிப்பார்கள், அதன் பிறகு 9 வருடத்துக்கு ஒரு முறை. முதல் இரண்டு உரிப்பில் நல்ல தக்கை கிடைக்காது, மூன்றாவதில் இருந்துதான் தேறும். கணக்குப் போட்டால் அந்த மரத்துக்கு நாற்பது வயது தாண்டிவிடும். நான் கையில் எடுக்கும் ஒவ்வொரு தக்கை வளையத்திலும் அவ்வளவு காலம் இருக்கிறது. லேத்தில் விழும் தூளைக்கூட நான் கூட்டித் தள்ளுவதில்லை, டப்பாவில் சேர்த்து வைப்பேன்.

என் கோல் ஒன்றுக்கு அரை அங்குல வளையம் இருபது வேண்டும். பின்பிடிக்கு 14, முன்பிடிக்கு 6. எபாக்ஸி பசை வைத்து ஒட்டி, கம்பியில் கோத்து இறுக்கி ஒரு நாள் விட்டு, அப்புறம் லேத்தில் ஏற்றுவேன். தக்கையில் இயற்கையாகவே சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சேர்த்து வைத்த தக்கைத் தூளைப் பசையில் குழைத்து அந்தக் குழிகளை அடைப்பேன். பிறகு 150, 240, 320, கடைசியில் 400 என்று எண் ஏற ஏற நயமாகும் உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்ப்பேன். 400 முடிந்ததும் தொட்டுப் பார்த்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் சீலர்.

சீலர் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. தக்கை ஓரளவு தண்ணீரைத் தானே தடுக்கும். அழுக்கும் மீன் சளியும் எண்ணெயும் ஏறுவது அந்தக் குழிகள் வழியாகவும், கடைசலில் வெட்டுப்பட்ட மேல்பரப்பு வழியாகவும்தான். அந்த வாய்களை மட்டும் அடைத்தால் போதும். தக்கையின் தொடு உணர்வு அப்படியே இருக்க வேண்டும். ஈரக் கையில் வழுக்காமல் பிடி கொடுக்கிறது என்பதற்காகத்தானே கைப்பிடிக்குத் தக்கையைத் தேடிப் போகிறோம்? அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோலைப் போர்த்தினால் பிளாஸ்டிக் பிடியே போதுமே. பூரிக்கட்டைக்கு எங்கள் அப்பா ஒரு நாளும் வார்னிஷ் அடித்ததில்லை. எண்ணெய் ஊற விடுவார், துடைப்பார், மறுபடி ஊற விடுவார். கை படுகிற பொருளுக்கு ஊறுவதுதான் சரி, படிவது சரியில்லை என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

இத்தனை வருடமும் பெயிண்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலில் (ஆளி விதை எண்ணெய்) டர்பன்டைன் கலந்துதான் தடவினேன். நல்ல பூச்சுதான். ஆனால் காய நாலைந்து நாள் ஆகும், தக்கை கொஞ்சம் கறுத்துப் போகும், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பட்டறை முழுக்க மரத்தூள் இருக்கிற இடத்தில் அது பெரிய பயம். துணியை விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். உங்கள் விளம்பரத்தில் "நான்கு மணி நேரத்தில் உலரும், நிறம் மாறாது" என்று பார்த்ததும் இந்தக் கவலை தீர்ந்தது என்று நினைத்தேன்.

லேபிளில் சொன்னபடியே செய்தேன். நூல் பிசிறு இல்லாத பருத்தித் துணியில் மெல்லியதாக ஒரு பூச்சு, நான்கு மணி நேரம் கழித்து இன்னொன்று. நிழலில்தான் உலர்த்தினேன், வெயிலில் வைக்கவில்லை. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தில் ஒன்பது கோல் இப்படி முடித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கைப்பிடி கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருந்தது. போகப் போக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நம்பினேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மே மாதம் முதல் புகார் வந்தது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வயது 67. அணைப் பக்கம் அதிகாலையில் தூண்டில் போட்டிருக்கிறார். பெரிய கட்லா ஒன்று மாட்டி இழுத்திருக்கிறது. இரை வைத்த ஈரக் கை. பிடி கையை விட்டு வழுக்கி, கோலும் ரீலும் சேர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டன. பிடிக்கப் பாய்ந்ததில் பாறையில் முழங்கால் சிராய்த்துவிட்டது. கோல் 6,500 ரூபாய். ரீல் அவர் மகன் வாங்கிக் கொடுத்தது. மறுநாள் பட்டறைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, உன் கைவேலைல குறை இருக்காதுப்பா. ஆனா அந்தப் பிடில என்னமோ இருக்கு, சோப்பு தடவுன மாதிரி நழுவுது. மத்தவங்களுக்காவது சொல்லிடு" என்றார். நான் அன்று லேத்தை ஓட்டவில்லை.

மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு கோல் திரும்ப வந்தன. நான்கில் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் பூச்சு வெடித்து, வெங்காயத் தோல் போல உரிந்திருந்தது. உரிந்த ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தங்கி, தக்கை கறுப்புத் திட்டாக மாறியிருந்தது. பூச்சே இல்லாமல் விட்டிருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது, நனைந்த தக்கை தானாகக் காய்ந்திருக்கும்.

அதிகமாகப் பூசியதால் இப்படி ஆனது என்கிறீர்கள். சரி, அதையும் சோதித்தேன். மீந்த வளையங்கள் ஆறு எடுத்தேன். இரண்டுக்கு உங்கள் பூச்சு ஒரே ஒரு முறை, இரண்டுக்கு அதையே பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு முறை, இரண்டுக்கு என் பழைய எண்ணெய். ஒரு வாரம் காயவிட்டு, ஒரு இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் உங்கள் பூச்சு ஏறிய வளையங்கள் வெளுத்துப் போயிருந்தன. டேப் ஒட்டி இழுத்தால் தோல் தோலாக வந்தது. தண்ணீர் கலந்து பூசியதில் தோல் மெல்லியதாக இருந்தது, ஆனால் அதுவும் உரிந்தது. எண்ணெய் வளையத்தில் டேப்போடு எதுவும் வரவில்லை, ஈரக் கையில் பிடியும் நன்றாக இருந்தது.

காரணம் எனக்குப் புரிகிறது. பாட்டிலில் உங்கள் சரக்கு பால் போல வெள்ளையாக இருக்கிறது, காய்ந்தால் நிறமற்றுப் போகிறது. நீரில் மிதக்கும் பாலிமர் துகள்கள் நீர் போனதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிற வகை இது. அந்த வகையே மோசம் என்று நான் சொல்லவில்லை. சரியாக நீர்க்க வைத்து, வளைந்து கொடுக்கும் பிசினில் செய்தால் தக்கைக்கும் உதவும். உங்களுடையது இறுகிப் போகிறது. தக்கையோ அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். கீழே இருப்பது அசையும்போது மேலே இருப்பது அசையாவிட்டால் வெடிக்கத்தான் செய்யும். மரச் சாமானுக்கான பூச்சைத் தக்கைக்கு என்று பெயர் மாற்றி விற்கிறீர்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. பாட்டிலில் இரண்டு ஸ்டிக்கர் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருக்கிறது, கீழே இருப்பதைப் படிக்க முடியவில்லை. தயாரித்த மாதமும் வருடமும் எங்கேயும் இல்லை. பொட்டலப் பொருளுக்கு அது கட்டாயம்.

பழுது பார்ப்பதில் உள்ள கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். படலத்தைக் கரைக்க ரசாயனம் தடவ முடியாது, அடைத்த குழிப் பசையையும் வளையம் ஒட்டிய பசையையும் அது இளக்கிவிடும். உப்புத்தாளில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். படலம் சூடாகித் தாளில் ஒட்டிக்கொண்டு தாளை அடைத்துவிடுகிறது. ஒரு கோலுக்கு ஏழெட்டுத் தாள் போயின. சுற்றிலும் முக்கால் மில்லிமீட்டர் தக்கை தேய்ந்துவிட்டது. அவரவர் கைக்கு அளந்து கடைந்த பிடி இளைத்துப் போனது. இரண்டு கோலில் கறுப்பு உள்ளே வரை இறங்கியிருந்ததால், பிடியை வெட்டி எடுத்துப் புது வளையம் கோத்தேன். அதற்குக் கோலில் தூண்டில் நரம்பு ஓடும் கம்பி வளையங்களின் நூல் கட்டுகளையும் பிரிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் புது வேலை எதுவும் எடுக்கவில்லை.

நான்கு பாட்டிலுக்கும் கொடுத்த 2,840 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இரண்டு பாட்டில் திறக்காமல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். தக்கை, உப்புத்தாள், பசை வாங்கிய வகையில் 5,160 ரூபாய் ஆகியிருக்கிறது, பில் வைத்திருக்கிறேன். என் மூன்று வாரக் கூலியை இதில் சேர்க்கவில்லை. அந்தப் பெரியவருக்கு நான் வேறு கோல் செய்து கொடுத்துவிட்டேன். தொலைந்த கோலுக்கும் ரீலுக்கும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பணத்தைவிட எனக்கு முக்கியம் லேபிள். "ஊறி இறங்கும்", "வழுக்காது" என்ற வார்த்தைகளை எடுத்துவிடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடியுங்கள், இதுவரை வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்புங்கள். தண்ணீர் ஓரத்தில் ஈரக் கையோடு நிற்கிற ஆள் பிடிக்கும் பொருள் இது. எங்கள் பெரியவருக்கு முழங்காலோடு போனது.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். சுயதொழில் செய்து பிழைப்பவனும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். நான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதும் தெரியும்.

இத்துடன் இரண்டு வளையம் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது உங்கள் பூச்சு, வெள்ளை நூல் கட்டியது என் எண்ணெய். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு இரண்டையும் பிடித்துப் பாருங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் லேத்தை நிறுத்திவிடுவேன், அப்போது பேசினால் காதில் விழும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீது நகல், திரும்பி வந்த ஆறு கோல்களின் படங்கள், செலவு பில்கள், தக்கை வளையம் 2.