எட்டு சிலிண்டர் இருந்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில், பழைய பிக்கப் டிரக் வாங்கி டிரெய்லர் இழுக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை வந்திருந்தது: “எட்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.” அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இதே பேச்சைத்தான் ஒரு விற்பனையாளர் என்னிடம் பேசினார். நானும் யோசிக்காமல்தான் எடுத்தேன்.

எந்த கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை. எட்டு சிலிண்டர், 350-க்கு மேல் குதிரைத்திறன். விளம்பரத் தாளில் 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று போட்டிருந்தது. தங்கிச் சமைக்க வசதியுள்ள என் டிரெய்லர் காலியாக 5,600 பவுண்டு. அப்புறம் என்ன கவலை என்று நினைத்தேன். தண்ணீர், கேஸ், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றி டிரக் ஸ்டாப் எடை மேடையில் நிறுத்தியபோது அது 7,000 பவுண்டு இருந்தது. ஆனால் அங்கே நிறுத்திப் பார்த்ததே எல்லாம் கெட்டுப்போன பிறகுதான்.

கால்கரியிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பும்போது ஃபீல்ட் ஊரைத் தாண்டி கிக்கிங் ஹார்ஸ் கணவாய்க்கு ஏறுகிற மேடு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இடத்தில் ரயிலே ஏற முடியாமல் திணறி, 1909-ல் மலைக்குள் சுருள் சுருளாக இரண்டு சுரங்கம் குடைந்து சரிவை 4.5 சதவீதத்திலிருந்து 2.2 ஆகக் குறைத்தார்கள். கணவாயின் உயரம் 1,627 மீட்டர். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத எஞ்சின் ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். அதாவது உச்சிக்குப் போகும்போது என் குதிரைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் காணாமல் போயிருந்தன. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அலறியது, கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது, பின்னால் லாரிகள் வரிசை கட்டின. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். என் மனைவி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கியர்பாக்ஸ் மாற்ற ஆன செலவில் நாங்கள் மொத்தப் பேரும் ஊருக்குப் போய் வந்திருக்கலாம்.

உங்கள் கட்டுரையாளர் முறுக்கு விசை (டார்க், அதாவது எஞ்சின் திருப்பும் பலம்) பற்றி ஒரு சொல்லாவது எழுதியிருக்கலாம். 2011-ல் ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்புக்கு வந்த 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட், டர்போ வைத்த ஆறு சிலிண்டர்தான். ஆனால் 420 பவுண்டு-அடி முறுக்கு விசையை 2,500 சுற்றிலேயே தந்துவிடும். டொயோட்டா டண்ட்ராவின் 5.7 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், நல்ல எஞ்சின், எனக்கும் பிடித்தது. அதன் 401 பவுண்டு-அடி கிடைப்பது 3,600 சுற்றில். மலையில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். அதற்காக டர்போவில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2017 முதல் 2020 வரை வந்த எஃப்-150-களின் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் பலவற்றில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேம் ஃபேசர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கடகடவென்று சத்தம் போடும். அதனால்தான் பழைய வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போக வேண்டும். வருமுன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிட வேண்டும். எட்டு சிலிண்டர் என்றால் பழுதே வராது என்று கட்டுரையாளர் நினைத்தால், 2025-ல் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தன் 6.2 லிட்டர் வி8-க்காக அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததை அவர் எப்படி மறந்தார்?

இதையெல்லாம்விட முக்கியமானது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற அந்தச் சிறிய ஸ்டிக்கர். ஆட்களும் சுமையும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கும். என் வண்டியில் 1,420 பவுண்டு. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் வழியாக வண்டியின் முதுகில் உட்காரும். எனக்கு அது 910. நாங்கள் நான்கு பேர் 600. ஹிட்ச் 80. கூட்டினால் 1,590. அரிசியும் குக்கரும் பிள்ளைகளின் சைக்கிளும் சேர்க்காமலே 170 பவுண்டு அதிகம்! எஞ்சின் எத்தனை சிலிண்டராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விளம்பரத் தாளின் இழுவை எண், ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துப் போடுவது. நம் வீட்டில் யார் இரண்டு பேராகப் போகிறார்கள்? பின் ஆக்சில் விகிதத்தையும், அதாவது பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதற்குச் சக்தி கொண்டுவரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதையும், பார்க்க வேண்டும். அதே எஞ்சின், 3.73 என்றால் மலை ஏறும், 3.2 பக்கம் என்றால் பெட்ரோல் மிச்சமாகும். இதை எனக்குச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

வருத்தத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். முன்பு குளிர்கால டயர் பற்றி ஒரு கட்டுரை போட்டீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் அது சட்டப்படி கட்டாயம் என்ற தகவல் அதில் இல்லை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். “கட்டுரை அருமை” என்ற இரண்டு சொற்கள் மட்டும் என் பெயரில் வந்தன. நான் அப்படி எழுதவே இல்லை, ஐயா. இந்த முறையும் வாகனக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே பழைய டிரக் விற்பவரின் அரைப் பக்க விளம்பரம். பதினொரு வருடச் சந்தாதாரன் என்பதால் கேட்கிறேன், அந்த இடத்தில் யாருக்காக எழுதுகிறீர்கள்?

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வாங்கப் போகிறவர்கள் முதலில் கதவோரத்து ஸ்டிக்கரைப் படிக்கட்டும், பிறகு ஆக்சில் விகிதம், ஆயில் மாற்றிய ரசீதுகள், அதற்கப்புறம் எஞ்சின். இடம் போதவில்லை என்றால் என் மலைக் கதையை எடுத்துவிடுங்கள், அந்த 1,420 பவுண்டு கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்,
கால்கரி