பழைய போட்டோவை ஏன் லேமினேட் செய்ய மாட்டோம் என்கிறோம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டை ஒதுங்கவைக்கும்போதுதான் பலருக்குப் பரணில் கிடக்கும் போட்டோக்கள் கண்ணில் படும். நேராக இங்கே கொண்டுவந்து, "இதையெல்லாம் லேமினேட் பண்ணிக் கொடுத்திருங்க, பத்திரமா இருக்கும்" என்கிறீர்கள். நாங்கள் மாட்டோம் என்றதும் சிலருக்குக் கோபம் வருகிறது. காரணத்தைக் கவுன்ட்டரில் நின்றபடி முழுதாகச் சொல்ல முடிவதில்லை, அதனால் இந்த மடல்.

லேமினேஷனில் பசை சூட்டில் உருகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு பிரிக்க வழியில்லை. ஐடி கார்டுக்குச் சரி. பழைய போட்டோவின் மேல்பரப்போ ஜெலட்டின் என்ற மெல்லிய படலம், சூடும் பசையும் நேராக அதன்மேல்தான் படும். கறுப்பு வெள்ளைப் படமானால் அதற்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள்தான் உங்கள் தாத்தாவின் முகம், கலர் படமானால் சாயங்கள். ஈரம் ஏறினால் ஜெலட்டின் உப்பிப் பிசுபிசுக்கும். இடைவெளியே விடாமல் கண்ணாடியோடு அழுத்தி ஃபிரேம் போட்ட படம் சில மழைக்காலங்களில் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். அப்படி ஒட்டியிருந்தால் தயவுசெய்து கத்தியால் நெம்பாதீர்கள், ஃபிரேமோடு கொண்டுவாருங்கள், கண்ணாடி வழியாகவே ஸ்கேன் எடுத்துவிடலாம்.

எங்கள் யோசனை இதுதான்: சுவரில் நகல் தொங்கட்டும், அசல் இருட்டில் இருக்கட்டும். சந்தனம், குங்குமம், விளக்குப் புகை, ஜன்னல் வெயில் எல்லாம் நகலுக்குப் போகட்டும், அது வெளுத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

எதை முதலில் ஸ்கேன் செய்வது என்று கேட்பவர்களுக்கு: கலர் படங்களை. பலரும் மிகப் பழையது என்று கறுப்பு வெள்ளையைத்தான் முதலில் தருகிறார்கள், ஆனால் ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் நெடுநாள் தாங்கும். 1970, 80-களின் கலர் பிரின்ட்டுகள் பலவற்றில் நீலம் தரும் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கிவிடும். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் சிவப்பேறிக் கிடப்பது அதனால்தான். மீதி இருக்கும் நிறத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியும், தள்ளிப்போடப் போட அதுவும் குறையும். போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற ஸ்கேன் கணக்கு) போதும், பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200 கேளுங்கள்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பிசின் பக்கத்தில் படத்தை ஒட்டி மூடுகிற ஆல்பம் இருக்கிறதே, அதுதான் மோசம். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலை ஒரு மூலையில் நுழைத்து, படத்துக்குப் பின்பக்கமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். ஆனால் மூலைகளைச் செருகி, நடுவே மெல்லிய தாள் வைத்த பழைய கறுப்புப் பக்க ஆல்பத்தைக் கலைக்க வேண்டாம், அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

வைக்கிற இடம்? பரண் வேண்டவே வேண்டாம், கோடையில் மொட்டை மாடிச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் பிவிசி கவர்களை ஒதுக்கிவிட்டு, பாலிப்ரொப்பிலீன் கவரோ ஆசிட் ஃப்ரீ பேப்பரோ கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடுபடுத்திவிட்டுத் திரும்ப வையுங்கள். பாச்சை உருண்டையைப் படங்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். ரப்பர் பேண்டு, செலோ டேப், நியூஸ் பேப்பர், எதுவும் கூடாது. ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டினும் கஞ்சிப் பசையும் விருந்து, அதனால் அவ்வப்போது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அடுக்கும்போது வருட வரிசைக்கு மெனக்கெடாதீர்கள், பாதிப் படங்களுக்கு வருடமே தெரியாது. அப்பா வழி, அம்மா வழி என்று பிரித்து, அதற்குள் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வைத்தால் போதும். பின்பக்கம் எழுதும்போது வெறும் "பெரிய அத்தை" என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருடைய அத்தை என்று புரியாது, பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் வரை அழுந்தும். மென்மையான பென்சில் நல்லது, வழவழப்பான கலர் பிரின்ட்டில் அது பிடிக்காது, அப்போது கவர் மேல் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் அவரோடு உட்காருங்கள்.

ஒருவேளை வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, தானாகப் பிரிந்ததும் முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். உடனே முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு எங்களிடம் பேசுங்கள். கலர் பிரின்ட்டரில் எடுத்த படங்களை மட்டும் நீரில் போடக்கூடாது, மை கரையலாம்.

நெகட்டிவ் இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள், பிரின்ட்டைவிட அதிலிருந்து வரும் நகல் நன்றாக இருக்கும். வினிகர் வாடை வந்தால் படங்களோடு சேர்க்காமல் தனிக் கவரில் போடுங்கள். காலையில் வந்தால் நிதானமாகப் பார்த்துச் சொல்வோம், சாயங்காலம் பாஸ்போர்ட் போட்டோ கூட்டம் இருக்கும்.