கணினிக்குத் தடை போடும் முன்: மாஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாஸ்டர்,

வணக்கம். நம் சமூக மன்றத்து இளையர் இசைப் போட்டியில் கணினியில் உருவாக்கிய எதையும் சேர்க்கக்கூடாது என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். "பொத்தானை அமுக்கினால் வருவதெல்லாம் படைப்பா?" என்று கேட்டீர்களாம். கேள்வி நியாயம்தான். ஆனால் அதற்காக மொத்தமாகத் தடை போடுவது தவறு என்று நினைக்கிறேன். சிங்கப்பூர்த் தேக்காவில் நாலு இசைக்காரர்கள் கூடினாலே இப்போது இதே பேச்சுதான், அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கணக்கு வேறு, கலை வேறு என்று நீங்கள் சொல்லவே முடியாது மாஸ்டர். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, அட்சரத்துக்கு நாலு வீதம் 32 மாத்திரை. கடைசியில் ததிங்கிணதொம் என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வைத்தால் 15 போக மீதி 17. அந்தப் பதினேழை அஞ்சு, ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி), அஞ்சு, ஒரு கார்வை, அஞ்சு என்று பிரிக்கலாம், இன்னும் எத்தனையோ விதமாகவும் பிரிக்கலாம். சின்னதாக ஒரு நிரல் எழுதினால் கணக்குக்குப் பொருந்துகிற அத்தனை கோர்வையையும், அதாவது இப்படிச் சொற்களைக் கோத்து முடிக்கிற அமைப்பையும், கணினி நொடியில் கொட்டிவிடும். எல்லாமே சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், சரியாக வந்து விழும், ஆனால் வாசித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் கேட்க ஒன்றும் இருக்காது. "இது வேண்டாம், அதுவும் வேண்டாம், இதை வை, இங்கே கொஞ்சம் இழு" என்று சொல்லத் தெரிய வேண்டும், அங்கேதான் கலைஞர் வருகிறார். நீங்கள் அதை மனசுக்குள் செய்கிறீர்கள், இன்னொருவர் திரையைப் பார்த்துச் செய்கிறார்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1957-இலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனார்ட் ஐசக்சனும் இல்லியாக் கணினியை வைத்து நாலு தந்தி வாத்தியங்களுக்கு இசை அமைத்தார்கள். கணினி சுரங்களைக் கண்டபடி எடுத்துப் போடும், இவர்கள் எழுதிக் கொடுத்த விதிக்கு ஒத்துவராததைத் தள்ளிவிடும். பாரிஸில் வாழ்ந்த ஓவியர் வேரா மோல்னார் 1968-இல் கணினியைக் கையில் எடுத்து, சதுரங்களை வரையவைத்து, அந்த ஒழுங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைத்துப் பார்த்தார். எவ்வளவு குலைத்தால் அழகு, எங்கே நிறுத்துவது என்பது அவர் கண் சொன்னது. நம் பக்கம் மட்டும் என்ன, ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் முறையில் எழுதி 1974-இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சிக்குக் கோலத்துக்கு விதி உண்டு என்பதற்காக அதைப் போடுகிறவருக்குக் கற்பனை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

சரி, உங்கள் கோபத்திலும் உண்மை இருக்கிறது. "சோகமா ஒரு தமிழ்ப் பாட்டு போடு" என்று ஒரு வரி தட்டிவிட்டு, முதலில் வந்ததை அப்படியே தன் பெயரில் அனுப்புகிறவரைப் படைப்பாளி என்று என்னாலும் ஏற்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் செயற்கை நுண்ணறிவுப் பொங்கல் வாழ்த்துகளைப் பார்த்திருப்பீர்கள். கோலத்தின் கோடு பாதியில் அறுந்து நிற்கும், புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அனுப்பியவர் அதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அப்புறம் குரல் விஷயம். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்துப் பாட்டுக்காக ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார், குடும்பத்தாரின் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அது முறையான செயல். மெட்டு ரஹ்மானின் படைப்பு, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் எந்த எழுத்தை அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று சாகுல் ஹமீது தீர்மானிக்காத ஒன்றை அவர் பாடியது என்று என் மனசு ஒப்பவில்லை.

நம் ஊர்ச் சட்டமும் மனிதரைத்தான் தேடுகிறது. குதிரைப் பந்தய இதழ்கள் தொடர்பான ஒரு வழக்கில், பதிப்புரிமை வேண்டுமென்றால் மனித ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

அதனால் தடையை எடுத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள் மாஸ்டர். கணினியில் இசை அமைத்த பிள்ளைகள், வேண்டாமென்று ஒதுக்கிய பதிவுகளையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். ஏன் ஒதுக்கினாய் என்று நீங்களே நேரில் கேளுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிற சிலரை எனக்குத் தெரியும், தவில் ஒலியை வெட்டி ஒட்டி மாதக்கணக்கில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு தட்டு இடம் மாறியதற்காக மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறார்கள். வெறுமனே பொத்தானை அமுக்கியவர் யார் என்பது ரெண்டு கேள்வியில் உங்களுக்குத் தெரிந்துவிடும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிவதற்குள் சொன்னீர்கள் என்றால் அந்தப் பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்